ராகலைச் சிலம்பமும் பிலிப்பைன்ஸ் பிரம்பும்

கடந்த மாதம் கனடாவிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் பேசினாள். ஸ்காபரோவில் ஒரு பிலிப்பைன்ஸ் ஆசிரியரிடம் வாரத்தில் இரண்டு நாட்கள் 'எஸ்க்ரிமா' என்னும் தற்காப்புக் கலையைப் பயின்று வருகிறாளாம். முதலில் ஒன்றரை முழ நீளமுள்ள ஒரு பிரம்பு, பின்னர் இரு கைகளிலும் இரண்டு பிரம்பு, அதன் பின்னர் மரத்தால் செய்த கத்தி என்று படிப்படியாகக் கற்பிக்கிறார்களாம். "மாமா, உங்கள் ஆட்களிடம் இப்படி என்ன இருந்தது என்று எங்கள் சேர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். எங்களிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். சரிதானே?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் பிறந்தது அங்கே. அவளுடைய தாயும் நானும் பிறந்தது ராகலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அந்த லயத்துக்குக் கீழே இருந்த பெரட்டுக்களத்தில், எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை நான் சிலம்பம் பழகினேன் என்பதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதி வந்திருக்கிறேன். பட்ஜெட், தேர்தல், சம்பளப் பேச்சுவார்த்தை என்று எத்தனையோ எழுதியாகிவிட்டது. என் கையிலிருந்த கம்பைப் பற்றி ஒரு பத்தியும் எழுதியதில்லை. அந்தக் கடனை இன்று தீர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

மருமகள் பயிலும் கலையிலிருந்தே தொடங்குகிறேன். எஸ்க்ரிமா, ஆர்னிஸ், காளி என்று பிலிப்பைன்ஸில் இதற்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. முதலிரண்டு பெயர்களும் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை. 'எஸ்க்ரிமா' என்பது வாட்போரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லின் திரிபு. ஆண்டவர்களின் சொல்லைத் தங்கள் கலைக்கே பெயராக வைத்துக்கொண்டார்கள். ஆனால் கலையின் வேர் ஆண்டவர்களுக்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. 1521 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் திகதி மக்டான் தீவுக் கரையில் மெகல்லன் கொல்லப்பட்டார். அவருடன் பயணம் செய்த பிகபெட்டா என்ற இத்தாலியர் அந்தச் சண்டையை எழுதிவைத்திருக்கிறார். மூங்கில் ஈட்டியொன்று மெகல்லனின் முகத்தில் பாய்ந்ததையும், பெரிய வெட்டுக்கத்தியொன்று அவரது இடது காலைச் சாய்த்ததையும் அதில் காணலாம். மரமும் இரும்பும் ஒரே ஆட்டத்தின் இரு பக்கங்களாக அன்றே அங்கு இருந்தன. பிரம்பைப் பிடிக்கத் தெரிந்த கைக்குக் கத்தியும் அடங்கும் என்பதுதான் இன்றும் அக்கலையின் அடிப்படை. பல பள்ளிகளில் அடிகளைக் கோணங்களாகப் பிரித்து ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டுக் கற்பிக்கிறார்கள்.

ஸ்பானியர் காலத்தில் இக்கலை நாடக மேடைகளுக்குள்ளும் கோயில் விழாக்களுக்குள்ளும் ஒளிந்து பிழைத்தது என்று பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் சொல்வதுண்டு. இத்தகைய கதைகளை அப்படியே விழுங்கக் கூடாது என்பது என் தொழில் கற்றுத் தந்த பாடம். அதேபோல, சிலம்பம்தான் கடல் கடந்து பிலிப்பைன்ஸ் சென்று எஸ்க்ரிமாவானது என்று நம்மவர்கள் இணையத்தில் எழுதுவதையும் நான் ஏற்பதில்லை. ஐயாயிரம் ஆண்டு என்பார்கள். ஆதாரம் கேட்டால் கோபம் வரும். எங்கே போனாலும் மனிதனுக்கு இரண்டு கை, இரண்டு கால். கம்பை ஓங்கினால் அது இறங்கக்கூடிய வழிகள் சிலதான். ஒற்றுமைக்கு அது போதும்.

ஆனால் வேறோர் ஒற்றுமை உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1906 ஆம் ஆண்டிலிருந்து பிலிப்பைன்ஸ் மக்கள் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். பின்னர் கலிபோர்னியாவின் பண்ணைகளுக்கும் ஆயிரக்கணக்கில் போனார்கள். ஸ்டொக்டன் என்ற ஊரைச் சுற்றியிருந்த வயல்களில் நாள் முழுவதும் குனிந்து நின்று தண்டுக்கீரை போன்ற ஒரு பயிரை அறுத்தவர்களிடையே எஸ்க்ரிமா தெரிந்தவர்கள் பலர் இருந்தனர். அந்தக் கலையை உலகுக்குக் கொண்டு சென்றவர்கள் இவர்களும் இவர்களுடைய பிள்ளைகளும்தான். புரூஸ் லீயின் நண்பரும் அவருடன் 'கேம் ஒஃப் டெத்' படத்தில் இரட்டைப் பிரம்பு ஏந்தி மோதியவருமான டான் இனொசான்டோ பிறந்தது அதே ஸ்டொக்டனில். ஆக, மருமகளின் கையிலிருக்கும் பிரம்பு ஒரு தோட்டத் தொழிலாளியின் பிரம்பு. இதைச் சொன்னதும் தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை.

இனி எங்கள் கதை.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தலைமன்னாரிலோ அதையொட்டிய கரைகளிலோ இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். ஏறத்தாழ 250 கிலோமீற்றர். 2023 ஆம் ஆண்டு மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை அதே வழியில் ஒரு நடைபயணம் நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நானும் அதில் ஒரு நாள் நடந்தேன். தார் வீதியும் தண்ணீர்ப் போத்தலும் இருந்த அந்த ஒரு நாளிலேயே, கையில் ஒரு தடி இருந்தால் நல்லது என்று தோன்றியது. பாம்புக்கும் கரடிக்கும் சேற்றுக்கும் நடுவே நடந்தவர்களின் கையில் கம்பு இல்லாமலா இருந்திருக்கும்?

அவர்களில் பெரும்பாலானோர் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களைச் சேர்ந்தவர்கள். சிலம்பம் ஊறிய மண். 1799 இல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட பிறகு பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டு ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. ஈட்டியையும் வாளையும் துப்பாக்கியையும் பறிக்கலாம். மாடு மேய்ப்பவனின் கம்பை எந்தக் கும்பினியும் பறிக்க முடியாது. அந்தக் கம்பு பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, கங்காணியின் பின்னால் கப்பலேறிக் கண்டிச் சீமைக்கு வந்தது.

கோப்பி போய்த் தேயிலை வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு சின்ன ரயில் பாதை போடப்பட்டு 1904 இல் ஓடத் தொடங்கியது. 1940களில் அது மூடப்பட்டுவிட்டது. அந்தக் கோச்சியின் சத்தத்தைப் பற்றி என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். பாதை போன இடத்தில் நாங்கள் லீக்ஸ் பாத்திகளைத்தான் பார்த்தோம்.

எங்கள் தோட்டத்தில் கம்பு கற்பித்தவரை எல்லாரும் 'வாத்தியார்' என்றே அழைத்தார்கள். பாடசாலை ஆசிரியரை 'மாஸ்டர்' என்போம்; வாத்தியார் என்றால் அவர் ஒருவர்தான். பகலில் கவ்வாத்து மலையில் வேலை. அவருடைய பாட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவராம். மாலை பெரட்டுக்களத்தில் பனி இறங்கும் நேரத்தில் பையன்கள் கூடுவோம். முதல் மூன்று மாதம் கம்பைத் தொட விடமாட்டார். காலடி மட்டும்தான். ஈரமண்ணில் பெருவிரலால் கோடு கிழித்து, அதன்மேல் முன்னும் பின்னும் மாறி மாறிக் கால் வைக்கச் சொல்வார். கால் தெரியாதவன் கம்பு சுற்றினால் அவன் தலையைத்தான் அது உடைக்கும் என்பார். பிறகு சலாம் வரிசை: பூமியைத் தொட்டு, கம்பைத் தொட்டு, எதிரே நிற்பவனுக்கு வணக்கம் சொல்வது. அதன் பிறகுதான் வீச்சு.

கம்பு நம் புருவ மட்டத்துக்கு இருக்கவேண்டும். ஆற்றோரத்து மூங்கிலை வெட்டி, நீரில் ஊறவைத்து, நெருப்பில் வாட்டி நேராக்குவார். ஆண்டு தோறும் வளர்கிற பையனுக்கு ஆண்டு தோறும் புதுக் கம்பு வேண்டும். ஒவ்வொரு சித்திரையிலும் அவர் எங்களை லயத்துச் சுவரோடு நிறுத்தி அளப்பது எங்களுக்குத் தீபாவளிச் சட்டை அளவெடுப்பதற்குச் சமம்.

மருமகள் கத்தியைப் பற்றிச் சொன்னபோது எனக்கு வாத்தியாரின் கவ்வாத்துக் கத்திதான் நினைவுக்கு வந்தது. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டிவிடுவதைக் கவ்வாத்து என்போம். தண்டு பிளக்காமல், சாய்வாக, ஒரே வீச்சில் வெட்டவேண்டும். பிளந்தால் செடி நோய் கண்டுவிடும். கணக்கப்பிள்ளை பெயரை வெட்டிவிடுவார். வாத்தியார் எங்களுக்குக் கத்தி விளையாட்டு என்று தனியாக எதுவும் கற்பிக்கவில்லை. ஆனால் கீழிருந்து மேலே இழுக்கும் ஒரு வீச்சைக் காட்டும்போது, "கவ்வாத்து மாதிரி இழு" என்பார். தோட்டத்துப் பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெண் பிள்ளைகளுக்குக் கம்பு கிடையாது. அவர்களுடைய கம்பு வேறு. கொழுந்து எடுக்கும்போது செடியின் மட்டம் பார்ப்பதற்காக வைத்திருக்கும் மட்டக்கம்பு. நாங்கள் பழகும்போது தங்கைகள் ஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாதியும் இருந்தது, அதை மறைத்து எழுதினால் இது வரலாறாகாது. எல்லா லயத்துப் பையன்களையும் ஒன்றாக நிறுத்திக் கற்பித்ததற்காக வாத்தியாரிடம் முகம் கொடுத்துப் பேசாத பெரிய வீடுகள் இருந்தன. தப்பு இல்லாமல் எங்கள் தோட்டத்தில் சிலம்பம் இல்லை. தப்படிப்பவரைத் தங்கள் வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லும் வீட்டுப் பிள்ளையும் அவருடைய தாளத்துக்குத்தான் காலடி வைக்கவேண்டியிருந்தது.

எல்லாம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்காகத்தான். சாமி ஊர்வலம் லயம் லயமாகச் செல்லும்போது முன்னால் தப்பு, அதற்கு முன்னால் நாங்கள். இரவானால் கம்பின் இரு நுனியிலும் துணிப்பந்து சுற்றி மண்ணெண்ணெயில் தோய்த்துக் கொளுத்துவார்கள். ராகலைக் குளிரில் அந்த வெப்பம் முகத்தில் படுவதற்காகவே கிழவிகள் முன்வரிசைக்கு வருவார்கள். அக்கம்பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலிருந்தும் பார்க்க வருவார்கள். எஸ்க்ரிமா விழாவுக்குள் ஒளிந்து பிழைத்த கதையை நான் ஐயத்தோடு பார்த்தாலும், எங்கள் சிலம்பம் சாமிக்கு முன்னால் ஆடித்தான் பிழைத்தது என்பதை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். துரையும் அதைத் தடுக்கமாட்டார், சாமி காரியம்.

பிற்காலத்தில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலம் வந்தது. மலைநாட்டில் பிறந்தவர் என்று எங்கள் மக்கள் உரிமை கொண்டாடும் எம்.ஜி.ஆர். 'பெரிய இடத்துப் பெண்' படத்தில் கம்பெடுக்கும்போது விசில் காதைப் பிளக்கும். அதே இரவில் புரூஸ் லீயும் ஓடுவார். 'என்டர் த டிராகன்' படத்தில் அவர் இரண்டு குட்டைத் தடிகளைக் கையிலெடுக்கும் இடத்தில், அது எந்த நாட்டுக் கலை என்று தெரியாமலே, வாத்தியார் இருந்து பார்த்திருக்கவேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அப்போது அவர் இல்லை.

அவர் ஏன் இல்லை என்பதற்கு முன், 1977 ஓகஸ்ட் இரவொன்றைச் சொல்லவேண்டும். தேர்தலுக்குப் பின் கலவரம் தோட்டப் பகுதிகளுக்கும் பரவிய நாட்கள். கந்தப்பளைப் பக்கமிருந்து லொறியில் ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு வதந்தி. ஆண்கள் கம்பும் கவ்வாத்துக் கத்தியும் முள்ளுமாகக் கோயிலடியில் கூடினார்கள். எனக்கு எட்டு வயது. கம்பு பிடிக்கத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இருந்தும் என் கம்போடு ஓடினேன். வாத்தியார் வந்தார். முன்னின்று நடத்தப்போகிறார் என்று எல்லாரும் வழிவிட்டார்கள். அவர் ஒவ்வொருவர் கையிலிருந்தும் கம்பை வாங்கி, கட்டாகக் கட்டி, கோயில் மடைப்பள்ளிப் பரணில் போட்டுப் பூட்டினார். ஓர் இளைஞன் அவரைக் கோழை என்று கத்தியே விட்டான்.

"வாரவன் துவக்கோட வந்தா கம்பு என்ன செய்யும்? நாளைக்குப் பொலிஸ் வந்தா, கையில கம்பு வச்சிருந்தவன் யாருன்னுதான் கேட்பான். நீ யாருன்னு கேட்டா காட்டுறதுக்கு உங்கிட்ட ஒரு துண்டுக் கடுதாசி இருக்கா?" என்று கேட்டார்.

யாரிடமும் இல்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாக்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1940 இல் முல்லோயாவில் கோவிந்தன், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்று துப்பாக்கிச் சூட்டில் விழுந்த தொழிலாளர்களின் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். டெவன் நடந்து அப்போது மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. அன்றிரவு முழுத் தோட்டமும் தேயிலைச் செடிகளுக்குள் படுத்திருந்தது. யாரும் வரவில்லை. வாத்தியார் செய்தது சரியா என்று இன்றும் எங்கள் ஊரில் வாதிடுவோர் உண்டு. அவர் செய்தது சரி என்பதே என் கருத்து. 1983 இல் எத்தனையோ இடங்களில் நடந்ததைப் பத்திரிகையாளனாகப் பின்னர் விசாரித்து அறிந்தபோது அந்தக் கருத்து வலுத்தது. ஆனால் ஒரு வித்தையைக் கற்ற மனிதன், அதைப் பயன்படுத்த வேண்டிய ஒரே இரவில் அதைப் பூட்டிவைக்க நேர்ந்த வேதனை அவர் முகத்தில் இருந்தது. அதன் பிறகு திருவிழாவில் அவர் தானாக இறங்கி ஆடியதை நான் பார்க்கவில்லை. எங்களை ஆடவிட்டுத் தள்ளி நிற்பார்.

1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தை வாசகர்கள் அறிவார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று பேசி முடித்தார்கள். 1974 இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தக் கணக்கில் எத்தனை கொழுந்துக் கூடை, எத்தனை வாக்கு என்றெல்லாம் பார்த்து எழுதிய கட்டுரைகள் நிறைய உண்டு. எத்தனை தப்படிப்பவர்கள், எத்தனை காமன் கூத்து மாஸ்டர்கள், எத்தனை சிலம்பு வாத்தியார்கள் என்று எண்ணியவர் இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை எங்கள் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். பாட்டைக் கடதாசியில் பிடிக்கலாம். காலடியைப் பிடிக்க ஆள் வேண்டும், ஆளைத்தான் அனுப்பிவிட்டார்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு ஆண்டுகளில், 1966 இல், ஸ்டொக்டனில் ஏஞ்சல் கபாலெஸ் என்ற முன்னாள் பண்ணைத் தொழிலாளி எஸ்க்ரிமாவை யாரும் வந்து பழகலாம் என்று ஒரு பள்ளியைத் திறந்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கும் இனவெறியும் அவமானமும் இருந்தன. ஆனால் நின்ற இடத்தில் நிற்கவிட்டார்கள். நின்றவன் பள்ளி திறந்தான்.

எங்கள் வாத்தியாருக்கு 1981 இல் முறை வந்தது. தோட்டத்து லொறியில் நானுஓயாவுக்குப் போனோம். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற அந்த ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்கள். பெயருக்கு விளக்கம் தேவையில்லை. பெட்டி ஒரு பக்கம், பாத்திர மூட்டை மறுபக்கமாகத் தன் கம்பில் கட்டிக் காவடிபோல் தோளில் சுமந்து வந்தார். கம்பாகக் கொண்டுபோனால் கப்பலில் பறித்துவிடுவார்கள், காவுதடியாகக் கொண்டுபோனால் விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். எனக்கு அவர் எதுவும் தரவில்லை; எந்த உபதேசமும் செய்யவில்லை. "இடது காலைப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். என் இடது கால் எப்போதும் ஒரு சாண் வெளியே விலகிவிடும்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவில் எங்களில் மூத்த பையன்கள் ஆடினார்கள். அதற்கடுத்த ஆண்டு 1983. திருவிழா நடக்கவில்லை. பின்னர் நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன், கொழும்புக்குப் போனேன்.

2006 இல் ஒரு செய்தி வேலையாக நீலகிரிக்குப் போனபோது கோத்தகிரியில் அவருடைய குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். வாத்தியார் 1998 இலேயே காலமாகிவிட்டார். மகள் இருந்தார், என்னைவிட மூன்று வயது மூத்தவர். அக்கா என்றுதான் அழைப்பேன். அங்கே அவர்களை 'சிலோன்காரங்க' என்கிறார்கள். வந்த புதிதில் கூலிவேலை, பிறகு இரவுக் காவல். அப்பா அங்கே யாருக்கும் கம்பு கற்றுக்கொடுக்கவில்லையா என்று கேட்டேன். "பத்துத் தோட்டத்து ஆளுங்க ஒரே லைன்ல இருந்தோம் தம்பி. யார் யாருன்னே தெரியாது. சாமிகூட வேற வேற. யாரைக் கூப்பிட்டு எங்க வச்சுச் சொல்லிக்குடுக்க?" என்றார். கம்பு இருந்தது. துணி காயப்போடும் கொடி தொய்யாமல் இருக்க முற்றத்தில் முட்டுக் கொடுத்து நின்றது. நடுவில் கயிறு உராய்ந்த தழும்பு; காவுதடியாக வந்தபோது விழுந்ததாயிருக்கலாம்.

இன்று தமிழ்நாட்டில் சிலம்பத்துக்குப் போட்டிகளும் பரிசுகளும் உண்டு. 2024 ஜனவரியில் அங்கு நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றதைப் படித்து மகிழ்ந்தேன். மலேசியாவின் தோட்டத்துத் தமிழரும் அதைக் கைவிடாமல் வளர்த்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் 2009 ஆம் ஆண்டு சட்டம் இயற்றி ஆர்னிஸைத் தேசிய விளையாட்டாக்கியது. எங்கள் மலைகளிலும் பாடசாலை விழாக்களில் பிள்ளைகள் கம்பு சுற்றுவதை இப்போது மீண்டும் காண முடிகிறது. பெண் பிள்ளைகளும் சுற்றுகிறார்கள்.

கோத்தகிரியில் அன்று மாலை, புறப்படுமுன், அந்தக் கம்பைக் கொடியிலிருந்து எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அக்கா ஈரத்துணிகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு கம்பை நீட்டினார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பூமியைத் தொட்டேன், கம்பைத் தொட்டேன், சலாம் வரிசையில் ஓர் அடி வைத்தேன். வாசற்படியில் நின்றபடி அவர் சிரித்தார். "இடது கால் வெளிய போகுது" என்றார். அவருக்கு யாரும் கற்பித்ததில்லை. ஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்தவர்தான். துணிகளைப் படியில் வைத்துவிட்டு இறங்கி வந்து, பெருவிரலால் மண்ணில் கோடு கிழித்து, "இந்தா, இதுல வை" என்றார்.